எட்டுக் கையெழுத்தும் ஒன்பதாவதும்

அஜ்மானில் நான் வேலை பார்த்த தொழிலாளர் கேம்ப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் அறையிலிருந்து அலுவலகத்துக்கு எந்தத் தாள் வந்தாலும் அதில் அந்த அறையிலுள்ள எட்டுப் பேரும் கையெழுத்திட்டிருப்பார்கள். ஏசி ஓடவில்லை என்ற புகாராக இருக்கலாம், குழாய்த் தண்ணீர் கரிக்கிறது என்ற முறையீடாக இருக்கலாம், ஒருவருக்கு மட்டும் அவசர லீவு வேண்டும் என்ற விண்ணப்பமாகக்கூட இருக்கலாம். எழுதத் தெரியாதவர் இருந்தால் பெருவிரல் ரேகை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதன் காரணத்தை டைல்ஸ் ஒட்டும் குழுவின் மேஸ்திரியிடம் கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"தனியாக் கையெழுத்துப் போட்டா தனியா அனுப்பிருவாங்க தம்பி. எட்டுப் பேரை அனுப்பணும்னா பிளைட்ல எடம் இருக்கும், சைட்ல ஆள் இருக்காது" என்றார்.

நான் சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு வந்திருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. என் பதவிக்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தாலும், தமிழிலும் இந்தியிலும் வரும் புகார்களை ஆங்கிலத்தில் எழுதி, கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸின் மேசையில் வைப்பதுதான் என் அன்றாட வேலை. மேஸ்திரி சொன்ன காரணத்தை என் நோட்டில் குறித்துவைத்தேன். பலமில்லாதவர்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு என்று அதன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. அதே வழக்கம் ஒரு மனிதரின் பிழைப்பை அழிக்கவும் போதுமானது என்பதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் எங்கள் கேம்ப் வாசலில் பகல் காவல் பார்த்த ஜிம்பாப்வேக்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஊரில் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். அங்கே நாணயம் மதிப்பிழந்து சம்பளம் எதற்கும் போதாமல் போனபோது இங்கே வந்து சீருடை மாட்டிக்கொண்டார். அறைகளில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பொருள் அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

மேஸ்திரியின் அறையில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் இருந்தது. துபாய் சத்வாவில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு குடும்பத்திடமிருந்து அதை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து அஜ்மான்வரை கொண்டுவந்தவர் அரியலூர்க்காரர் ஒருவர். வாராவாரம் வியாழன் மாலை மாவாட்டி, வெள்ளி காலையில் எட்டுப் பேருக்கும் தோசை சுட்டுப் போடுவார். அதனால் அறையில் அவருக்கு 'மாவு' என்று பெயர். நானும் அப்படியே சொல்கிறேன். கேம்ப்பில் மின்சாரச் சமையல் சாமான்களுக்குத் தடை. ஆகவே கிரைண்டர் கட்டிலுக்கு அடியில், துணி மூடிய நிலையில் வாழ்ந்துவந்தது.

பக்கத்துக் கேம்ப் ஒன்றில் மின்சார அடுப்பால் தீப்பிடித்த வாரத்தில், எல்லா அறைகளையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு திங்கட்கிழமை பகலில், ஆட்கள் டியூட்டியில் இருந்தபோது, காவலர் அந்தக் கிரைண்டரைக் கண்டார். அவர் அதுபோன்ற ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை. உருண்டைக் கற்கள், மோட்டார், டேப் சுற்றிய ஒயர். ஆபத்தானது என்று முடிவுசெய்து தூக்கிக்கொண்டு போய் வாசல் அறையில் வைத்தார்.

அந்த வாரம் தோசை இல்லை. சனிக்கிழமை மாலை 'மாவு' ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். காவலர் அறைக்கு வந்து தகராறு செய்ததாகவும், குடித்த வாடை அடித்த மாதிரி இருந்ததாகவும், சாமானை எடுத்துப் போனதாகவும் அதில் இருந்தது. கீழே எட்டுக் கையெழுத்து.

"நீங்க எல்லாரும் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எட்டுப் பேர் போட்ருக்கோம்ல சார்?" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் 'வாடை அடிச்ச மாதிரி இருந்துச்சு' என்று எழுதியிருந்ததை, பணி நேரத்தில் மதுபோதையில் இருந்தார் என்று பொருள்படும் திருத்தமான ஆங்கில வாக்கியமாக மாற்றினேன். நல்ல வாக்கியம். அதற்கு முன் எழுதிய எதையும்விட நன்றாக வந்ததில் எனக்குச் சிறிது பெருமைகூட இருந்தது. மது எளிதில் கிடைக்கிற ஊர் என்று அஜ்மானுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. நம்பவைக்க அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை காவலரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள்.

வியாழன் காலையில் அவர் அலுவலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சீருடை இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"பிரதர், அந்த ஆங்கிலம் உங்களுடையதுதானே?" என்று கேட்டார். "அந்த அறையில் அப்படி எழுத யாருக்கும் வராது."

ஆமாம் என்றேன்.

"நான் அங்கே போனபோது அறையில் யாருமே இல்லை. அதுகூடப் போகட்டும். எங்கள் சபையில் குடிப்பவனைப் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். என் மனைவி அங்கேதான் ஞாயிறுதோறும் போகிறாள். குடித்ததற்காக அனுப்பப்பட்டவன் என்று தாளோடு நான் போய் இறங்கினால், அவள் எங்கே உட்காருவாள்?"

தமிழ்த் தாளை யார் எழுதியது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. அந்த எட்டுப் பேரோடும் உட்கார வேண்டும், ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார்.

இங்கே என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் எங்களுக்கு ஜெராக்ஸ் தாள்களாகக் கொடுத்த ஒரு பாடத்தில் ஆப்பிரிக்கச் சமூகங்களின் நீதிச் சிந்தனை பற்றி இருந்தது. எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறியது, என்ன தண்டனை என்று கேட்பதற்குப் பதிலாக, யாருக்குக் காயம், அவருக்கு என்ன தேவை, அதை ஆற்றும் கடமை யார் யாருக்கு என்று கேட்கும் முறை. மனிதனாகப் பிறப்பது வேறு, மனிதனாக ஆவது வேறு; இரண்டாவதைத் தனியாக ஒருவரால் செய்ய முடியாது என்பது அதன் அடிப்படை. அதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு நானும் எழுதியிருந்தேன். அந்தச் சிந்தனை பிறந்த மண்ணிலிருந்து ஒருவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அநீதி செய்த தாளை எழுதியவன் நான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உறைத்ததும் வெட்கத்தைவிட ஆர்வமே முந்திக்கொண்டது. நோட்டை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் சிரித்தார். "இன்னொரு பரீட்சை எழுதப் போகிறீர்களா? உங்கள் பாடத்தில் இதற்கு உபுண்டு என்று பெயர் போட்டிருப்பார்கள். அது எங்களுக்குத் தெற்கே, தென்னாப்பிரிக்காவில் சொல்வது. எங்கள் மொழியில் ஹுன்ஹு. ஒருவன் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, 'அவன் ஆள் இல்லை' என்பார்கள் எங்கள் ஊரில். உடம்பு இருக்கும், பெயர் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டான்."

நாங்களும் அதைச் சொல்வோம் என்றேன். 'நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று கேட்பதை அவருக்கு விளக்கினேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"எங்கள் பகுதியில் தப்பு செய்தவன் தனியாக வரமாட்டான்" என்றார் பிறகு. "அவனுடைய ஆட்கள் கூட வருவார்கள். நடந்ததை அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவனும் தன் பக்கத்துக் குறையைச் சொல்வான். முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஊரில் என்றால் பீர் வைப்பார்கள்." உடனே, "நம் வழக்குக்கு அது ஒத்துவராது" என்றார்.

இந்த முறை எப்போதும் பலிக்குமா என்று கேட்டேன்.

"என் அத்தையின் புருஷன் அவளை அடிப்பான். மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாவது நாள் எல்லோருக்கும் அலுத்துப் போயிற்று, பசி வேறு. சரி, மன்னித்துவிட்டேன் என்று அத்தை சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. அடுத்த மாதமே அவன் மறுபடி அடித்தான். உங்கள் பாடத்தில் இது இருந்ததா?"

இல்லை என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டுப் பேர் இருக்கும் அறைக்குள் ஒருவராகப் போகும் இவரையும் அப்படித்தானே அலுக்கவைத்துச் சம்மதிக்க வைப்பார்கள் என்று கேட்டேன். "அதனால்தான் உங்களையும் வரச் சொல்கிறேன்" என்றார். எனக்கு நடுவர் ஆசனம் தருகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபின் மேஸ்திரியின் அறைக்குப் போனோம். இருபுறமும் இரண்டடுக்குக் கட்டில்கள். நடுவில் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தார்கள். காவலர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். மற்றவர்கள் கட்டில்களிலேயே இருந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன்.

முதலில் தன் தப்பைச் சொன்னார். ஆட்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டுக்கான சாமானைக் கேட்காமல் எடுத்தேன், அது என்ன என்றுகூட விசாரிக்கவில்லை, அதை நெருப்பு பிடிக்கும் சாமான் என்று நினைத்தேன் என்றார்.

"கல்லு எங்கய்யா நெருப்புப் பிடிக்கும்?" என்றது மேல் கட்டில் ஒன்று.

"ஒயர் பிடிக்கும்ல. எத்தன தடவ சொன்னேன், அந்த டேப்பை மாத்துன்னு" என்றது எதிர்க் கட்டில்.

"இப்ப எதுக்குடா அது? பேசவிடுங்கடா" என்றார் மேஸ்திரி.

பிறகு காவலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். யார் எழுதியது என்பதல்ல அது. ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்றார். வாசலோரக் கட்டிலிலிருந்து ஆரம்பித்தது. "நான் பாக்கல." அடுத்தவர், "நான் சைட்ல இருந்தேன்." அதற்கடுத்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன்." ஒவ்வொன்றையும் நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். எழுத்தில் எட்டுப் பேரின் சாட்சியாக இருந்தது, அறையைச் சுற்றி வரவர ஒவ்வொரு கட்டிலாகக் காலியாகிக்கொண்டே வந்தது. மேஸ்திரி, "பாக்காமப் போட்டது தப்புதான். நாந்தான் எல்லாரையும் போடச் சொன்னேன்" என்றார். ஏழு பேர் முடிந்தது. 'மாவு' மட்டும் மிச்சம்.

அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஆத்திரம்" என்றார். "அதை மடியில வெச்சுக் கொண்டாந்தேன். ஆறு நாளும் கல்லுத் தூக்குறோம். ஒரு நாள், ஒரு வேளை, ஊர்ல மாதிரி திங்கிறோம். அதையும் ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போனா?" பிறகு, "வாடையெல்லாம் அடிக்கல. அவர நான் பாக்கவே இல்ல" என்றார்.

நான் மொழிபெயர்த்து முடித்தேன். காவலர் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் என்ன பார்த்தீர்கள், பிரதர்?"

அவர் என்னை நடுவராக அழைத்து வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நானும் பார்க்கவில்லை, 'மாதிரி' என்று இருந்ததை உறுதியாக எழுதியது நான்தான் என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். அறை என்னையே பார்த்தது. "தமிழ்லயும் சொல்லுங்க தம்பி. அவருக்கு மட்டும் சொன்னா எப்படி?" என்றார் மேஸ்திரி. தமிழிலும் சொன்னேன்.

"அப்ப நாங்க லேசாத்தான் பொய் சொல்லிருக்கோம், சார்தான் அதுக்குக் கான்கிரீட் போட்ருக்காரு" என்றது மேல் கட்டில். சிரிப்பு எழுந்தது. மேஸ்திரிகூடச் சிரித்தார். காவலருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவனும் நானே. சொன்னேன்.

பிற்பகல் அசர் தொழுகை அழைப்பு கேட்டபோது நான் கேம்ப் பாஸின் அறைக்குப் போனேன். கேரளக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். புகார் பொய் என்றேன். அவர் அதிர்ச்சியடையவில்லை.

"சரி. பொய்ப் புகார் கொடுத்தவனை அனுப்பணும். கம்பெனிக்கு ஒரு காரணம் வேணும், ஒரு ஆள் வேணும். எழுதினவன் பேரைக் குடு. மத்த ஏழு பேரை விட்டுடறேன், காவல்காரனோட டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடறேன். உன் பேரும் வராது. ஒரு பேரு, கலாஸ், முடிஞ்சுது" என்றார்.

அவருடைய அறையிலிருந்து மேஸ்திரியின் அறைக்கு நூறு அடிகூட இருக்காது. அந்தத் தூரத்தை நான் மிக மெதுவாக நடந்தேன். ஒரு பெயர் கொடுத்தால் குற்றமற்றவர் தப்பிப்பார், ஏழு பேர் பிழைப்பார்கள், தண்டனையும் பொய்யைத் தொடங்கியவருக்கே போகும். கொடுக்காவிட்டால் எட்டுப் பேரும் போகலாம், காவலரும் போகலாம். நான் படித்த எந்த நியாயமும் இந்தக் கணக்கில் பிழை காட்டவில்லை. ஆனால் ஏழு பேர் தங்கள் கையெழுத்தை அறியாதவர்கள்போல் துடைத்துக்கொள்வதும், என் வாக்கியம் எங்கேயும் பதிவாகாமல் போவதும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தன.

முதலில் காவலரை வெளியே அழைத்துச் சொன்னேன்.

"உண்மையைச் சொல்லட்டுமா? இந்த நிமிடம் அந்தப் பெயரை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது" என்றார். "ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எனக்கு." பிறகு, "அவன் இன்று தன் பொய்யை என் முன்னால் தானே ஒப்புக்கொண்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் கேட்டதால்தான் சொன்னான். அதை எடுத்துக்கொண்டு போய் நான் பிழைத்தால், என்னை எப்படிக் கூப்பிடுவீர்கள்? அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்."

நான் சொல்லவில்லை. அவருக்கே நினைவிருந்தது. தப்பும் தவறுமான உச்சரிப்பில் அவரே சொன்னார்: "நீயெல்லாம் ஒரு மனுஷனா." பிறகு, "அவர்களிடம் கேளுங்கள்" என்றார். "முடிவு அவர்களுடையது. என்ன சொன்னாலும் நான் தடுக்க மாட்டேன்."

அறையில் சொன்னேன். யாரும் 'மாவு' பக்கம் பார்க்கவில்லை. அவர் தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். "நானே போறேன் சார். எழுதிக் குடுங்க" என்றார்.

"பெட்டியை உள்ள தள்ளுடா" என்றார் மேஸ்திரி. "எட்டுப் பேரு சேந்து போட்டோம். எட்டுப் பேரு சேந்துதான் இல்லைன்னும் சொல்லணும். பொய்க்கு மட்டுமா எட்டுப் பேரு?" என்னைப் பார்த்தார். "தம்பி, தாள் எடுங்க. ஒம்பது பேருன்னு எழுதுங்க."

"ஒன்பதா?"

"நீங்க இங்கிலீஷ்ல எழுதலைன்னா அது எங்க போயிருக்கும்?"

எழுதினேன். இம்முறை எந்த வாக்கியத்தையும் அழகுபடுத்தவில்லை. நாங்கள் யாரும் அவர் குடித்திருந்ததைப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய். அதை உறுதியான சொற்களில் எழுதியவர் ஒன்பதாவதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். படித்துக் காட்டித் தமிழில் பொருள் சொன்னேன். ஒவ்வொருவரும் அவரவர் முறையில் போட்டார்கள். ரேகை வைப்பவருக்கு மை கிடைக்காமல், பேனாவை உடைத்துப் பெருவிரலில் தடவினோம்.

ஒன்பது பேரும் காவலரும் சேர்ந்தே கேம்ப் பாஸின் அறைக்குப் போனோம். அவர் தாளைப் படித்தார், எங்களை எண்ணினார், மறுபடி படித்தார்.

"நான் ஒரு பேரு கேட்டேன்."

"எல்லாப் பேரும் இருக்கு சார்" என்றார் மேஸ்திரி.

"ஒன்பது பேரையும் அனுப்பினா டவர் லாபிக்கு டைல்ஸ் நான் ஒட்டணுமா?"

அவர் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். டிக்கெட் ரத்தாயிற்று. எங்கள் ஒன்பது பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். காவலர் குற்றமற்றவர் என்று எழுதித் தந்தார்கள். ஆனால் இனி அவர் இதே வாசலில் நிற்க வேண்டாம் என்று, சனிக்கிழமை காலையிலேயே துபாயில் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். கேம்ப் பாஸைப் பொறுத்தவரை அதுவே சமரசம். பாதிக்கப்பட்டவரை இடம் மாற்றுவது எந்த விதமான நீதி என்று நான் கேட்டேன். "யல்லா, ரூமுக்குப் போ" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று தடையைப் பற்றி யாரும் பேசவில்லை; காவலர் வாசல் அறையிலிருந்து கிரைண்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பாயின் நடுவில் வைத்து, இது என்னதான் செய்யும், எனக்குக் காட்ட வேண்டும் என்றார். அறையில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருக்கவில்லை. ஊறவைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? 'மாவு' ஒயரிலிருந்த பழைய டேப்பைப் பிரித்தார். மேல் கட்டிலிலிருந்து புது டேப் இறங்கி வந்தது. சுற்றி முடித்து, கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓடவிட்டார். வெறும் தண்ணீரில் கற்கள் சுற்றின. காவலர் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதற்காகவா நான் ஜிம்பாப்வேக்குத் திரும்பிப் போயிருப்பேன்?" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே, ஊர்ப் பெயரைக் கேட்டே சிலர் சிரித்துவிட்டார்கள். 'மாவு' சிரிக்கவில்லை.

"எப்ப கெளம்புறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

நாளைக் காலை ஆறு மணி பஸ் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அரிசி ஊற வேண்டும், ஆட்ட வேண்டும், புளிக்க வேண்டும். "புளிக்காது" என்றார் தனக்குள். பிறகு அரிசிப் பையை இழுத்து அவிழ்த்தார். "பரவால்ல. ஒரு மாதிரி வரும். அவருக்கு எப்படி இருக்கணும்னு தெரியாதுல்ல?"

மறுநாள் காலை 'மாவு' தோசைப் பொட்டலத்துடன் பஸ்ஸருகே நின்றதைப் பார்த்தேன். இருவரும் பேசினார்களா என்று தெரியாது. நான் இருந்த இடத்திலிருந்து கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த தொலைபேசி அழைப்பில் காவலர் என்னிடம் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான்: அந்தப் பண்டம் எப்போதுமே அவ்வளவு கெட்டியாகவா இருக்கும்?